காக்கா ஓட்டிய க்ளைமாக்ஸ்

சினிமா டிஸ்க் சேர்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. கடைக்கு வந்த வாரமே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒரு வகை. "எங்கே போய்விடப்போகிறது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு, கம்பெனியே மூடிய பிறகு ஊர் ஊராகத் தேடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் வீட்டில் படம் இருக்கும். இரண்டாம் வகையினரிடம் புலம்பல் இருக்கும். நான் எந்த வகை என்று மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில் எனக்குப் பக்கத்து சீட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் முழுக்கதையும் சொல்லி முடித்திருப்பேன். சிலர் அங்கேயே இறங்கிவிடுவதும் உண்டு.

2007-இல் மோசர் பேயர் தமிழ்ப் படங்களோடு கடைக்கு வந்தது. நொய்டாவில் ஆலை வைத்து உலகத்துக்கெல்லாம் வெற்று டிஸ்க் அடித்துக்கொடுத்த கம்பெனி அது. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலை வைத்தார்கள். சென்னை பர்மா பஜாரில் திருட்டு டிஸ்க்குக்குக் கொடுக்கும் காசுக்கு அசலே கிடைத்தது. செங்கல்பட்டில் ஊறுகாய் பாக்கெட், செல்போன் கவர் விற்ற கடைகளில்கூட எம்ஜிஆரும் சிவாஜியும் வரிசையாகத் தொங்கினார்கள்.

அந்த மலிவு விலைதான் எனக்கு வினையானது. முந்நூறு ரூபாய்ப் பொருள் என்றால் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயமாவது இருக்கும். 28 ரூபாய்ப் பொருளுக்கு யார் பயப்படுவார்கள்? உப்பு, தீப்பெட்டி மாதிரி அது எந்நாளும் கடையில் இருக்கும் என்று நம்பினேன். ஒரு நாள் சில்லறை இல்லை, ஒரு நாள் கையில் காய்கறிப் பை, ஒரு நாள் பஸ் கிளம்பிவிட்டது. தொங்கிய படங்களை எல்லாம் தடவிப் பார்த்து, பின்னட்டையைப் படித்து, "அடுத்த தடவை" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வருவேன். அவரும் பாவம், தலையாட்டுவார்.

2018 செப்டம்பரில் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மோசர் பேயரைக் கலைத்துவிட உத்தரவிட்டது. செய்தியைப் படித்ததும் சட்டை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன். டிஸ்க் தொங்கிய இடத்தில் செல்போன் சார்ஜர் தொங்கியது.

"இன்னா சார், இன்னும் சிடியா கேக்குறீங்க? அதெல்லாம் கிலோ கணக்குல போட்டு எவ்ளோ நாளாச்சு!"

"எங்க போட்டீங்க?"

"அதுக்கு இன்னா ரசீதா வெச்சிருக்கேன்? தொங்கும்போது வாங்காம இப்ப வந்து நிக்கிறீங்களே!"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு கம்பெனி போனால் இன்னொன்று அடித்துக் கொடுக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், வேறு யாரும் கிடைக்காததால் பெரும்பாலும் மனைவியிடம். கடையில் வாங்கும் அசல் டிஸ்க் வீட்டுக் கணினியில் எரிப்பது போன்றது கிடையாது. கண்ணாடித் தட்டில் மூலப்பதிவு எடுத்து, அதிலிருந்து உலோக அச்சு செய்து, உருகிய பாலிகார்பனேட்டை அதில் அழுத்தி வார்க்கவேண்டும். ஐந்நூறு பேருக்காக அந்த அச்சை யாரும் செய்யமாட்டார்கள். அதற்கு முன் வீடியோ உரிமை யாரிடம் என்ற வழக்கு வேறு. தயாரிப்பாளர் காலமாகியிருப்பார், பிள்ளைகள் மூன்று திசையில் இருப்பார்கள், உரிமை கைமாறிக் கைமாறி எங்கோ நிற்கும். இதையெல்லாம் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இவ்ளோ தெரிஞ்ச மனுஷன் அன்னிக்கே 28 ரூவா குடுத்து வாங்கியிருக்கலாம்."

வாங்கியபோதாவது ஒழுங்காக வாங்கினேனா? பல்லவர் ஊர்க்காரன் என்ற அபிமானத்தில் கல்கியின் கதையை எடுத்த 'பார்த்திபன் கனவு' வேண்டும் என்று வெகுநாள் ஆசை. 1960-இல் வந்த படம். ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, ரங்காராவ். வெளியூர் வியாபாரி ஒருவரிடம் போனில் "பார்த்திபன் கனவு இருக்கா?" என்று கேட்டேன். "ஒரே ஒரு பீஸ் இருக்கு சார்" என்றார். நான்கு மடங்கு விலை சொன்னார். பேரம் பேசினால் போய்விடுமோ என்று உடனே பணம் அனுப்பினேன். பார்சலைப் பிரித்தால் ஸ்ரீகாந்தும் சினேகாவும் சிரித்தார்கள். 2003-இல் கரு. பழனியப்பன் எடுத்த படம். நல்ல படம்தான், குறை சொல்வதற்கில்லை. வியாபாரியையும் குறை சொல்ல முடியாது. நான் ஆண்டைச் சொல்லவே இல்லை. அன்று ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவை உட்காரவைத்து "பல்லவர் படம் போடுறேன்" என்று வேறு சொல்லியிருந்தேன். அரைமணி நேரம் பார்த்துவிட்டு அவர், "நரசிம்மவர்மன் எப்பப்பா வருவான்?" என்று கேட்டார்.

இன்னொரு முறை, எங்கும் கிடைக்காத பழைய படம் ஒன்றின் அசல் என்று ஒருவரிடம் வாங்கினேன். அச்சில் வார்த்த டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளி நிறத்தில் இருக்கும். எரித்ததில் ஊதாவோ பச்சையோ சாயல் அடிக்கும். இந்தப் பாடத்தை ஊருக்கெல்லாம் எடுப்பவன் நான். வாங்கும்போது மட்டும் அட்டையில் இருந்த பத்மினியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து திருப்பினால் நாவற்பழ நிறம். அட்டையும் கலர் ஜெராக்ஸ்.

வெளிநாட்டுச் சரக்கிலும் கைவைத்தேன். சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றின் நெகட்டிவும் 1993-இல் லண்டனில் தீவிபத்தில் சிக்கியவை. மிஞ்சியதை இத்தாலியின் போலோன்யாவில் ஒவ்வொரு பிரேமாகச் சீர்செய்து, 2015-இல் அமெரிக்காவின் கிரைடீரியன் ப்ளூரேயாக வெளியிட்டது. நியூஜெர்சி மைத்துனனிடம் சொல்லி வரவழைத்தேன். ப்ளூரேவுக்கு மண்டலக் கணக்கு உண்டு; அமெரிக்கா ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். வங்காளத்தில் எடுத்த படம் இந்தியாவில் ஓடமாட்டேன் என்று என் பிளேயரில் அடம்பிடித்தது. "வாங்கறதுக்கு முன்னாடி அதெல்லாம் பாக்கமாட்டீங்களா மாமா?" என்று மைத்துனன் கேட்டான். அதைவிட வலித்தது, அந்தப் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று என் மகள் கேட்ட சாக்லேட்டை அவன் ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வந்ததுதான். மகள் இன்றும் அதை மறக்கவில்லை.

இத்தனைக்கும் மிஞ்சி வீடு வந்து சேர்ந்த டிஸ்க்குகளைக் காப்பாற்றினேனா என்றால், அது தனி அத்தியாயம். எல்லோரும் டிஸ்க்கின் பளபளப்பான பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள். விசிடியில் ஆபத்து மேல்பக்கத்தில். படத்தைத் தாங்கும் அலுமினியப் பூச்சு, அட்டைப்படம் அச்சிட்ட பக்கத்தில் ஒரு மெல்லிய அரக்குக்குக் கீழேயே இருக்கிறது. அடியில் கீறினால் ஓரளவு தப்பிக்கும். மேலே கீறினால் படமே போகும். நான் நூலகம்போல் முறைப்படுத்துகிறேன் பேர்வழி என்று, பிரித்த ஒவ்வொரு விசிடியின் மேலும் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி வரிசை எண் எழுதினேன். கையெழுத்து இன்றும் தெளிவாக இருக்கிறது. படம்தான் அந்த இடம் வந்ததும் நின்றுவிடுகிறது.

கடற்கரையில் வேறு குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், டிவியின் பின்பக்கம் எதுவும் விலக்கு இல்லை. இரும்பு பீரோவில் பூட்டி வைத்தேன். பீரோ துருப்பிடித்தது. பிளாஸ்டிக் உறைகளில் மாற்றினேன். உறை டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு, உரித்தால் பூச்சோடு வந்தது. கடற்கரைக் கோயில் கருங்கல்லிலேயே உப்பு ஏறுகிறது என்று தொல்லியல் துறையினர் காகிதக்கூழ் பூசி அதை உறிஞ்சி எடுக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில் நானும் வைத்தியத்தில் இறங்கினேன். பல் விளக்கும் பேஸ்ட், தேங்காய் எண்ணெய், வாழைப்பழத் தோல் என்று யார் எதைச் சொன்னாலும் தேய்த்துப் பார்த்தேன். டிஸ்க் ஓடவில்லை, பிளேயர் லென்ஸுக்குத்தான் எண்ணெய் குளியல் ஆனது.

இவற்றையெல்லாம் மீறித் தப்பித்த ஒரு சிவாஜி படம் இருந்தது. விசிடி ஒன்றில் 74 நிமிடம்தான் அடங்கும். ஆகவே நம் படங்கள் இரண்டு, மூன்று டிஸ்க்காக வரும். அந்தப் படத்தின் இரண்டாம் டிஸ்க்கை மூன்று நாள் வீடு முழுக்கத் தேடிவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். அம்மா காயப்போட்டிருந்த வடகத்துக்கு மேலே, நூலில் கட்டி, காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

"காக்காவுக்குக் கட்டினேன்டா. பளபளன்னு இருக்குதுல்ல, கிட்ட வராது."

"அதுக்கு இந்தப் படம்தானா கிடைச்சுது?"

"மொத சிடியில நல்லா சிரிச்சுப் பேசுறாங்க. ரெண்டாவதுல எல்லாரும் அழுவுறாங்க. அதான் பாத்து இத எடுத்தேன்."

அம்மாவின் ரசனையில் எனக்கு மறுப்பு இல்லை. டிஸ்க் வெயிலில் அப்பளமாக வளைந்திருந்தது. காக்கா மட்டும் உண்மையாகவே வரவில்லை. என் சேகரிப்பில் ஒரு டிஸ்க் வாங்கிய காசுக்கு முழுதாக உழைத்தது என்றால் அதுதான்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. கரண்ட் இல்லை, ஜன்னல் இடுக்கில் தண்ணீர். இருட்டில் நான் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கும் கூடத்துக்கும் ஓடினேன். "ஏங்க, வீட்டுப் பத்திரம் நனையுது. நீங்க என்னத்த தூக்கிட்டு ஓடுறீங்க?" என்று மனைவி டார்ச்சை என் முகத்தில் அடித்தாள். கையில் இருந்தது ஸ்ரீகாந்த், சினேகா.

கொள்கை அளவிலும் நான் யோக்கியன் கிடையாது. 2015 மார்ச்சில் இயக்குநர் சேரன், 'சினிமா டு ஹோம்' என்ற திட்டத்தில் தன்னுடைய 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தைத் திரையரங்குக்கு அனுப்பாமல் நேராக டிவிடியில் வெளியிட்டார். விலை 50 ரூபாய். டீக்கடையில் நின்று அதை ஆதரித்து நெடுநேரம் முழங்கினேன். திருட்டு டிவிடி ஒழியும், சின்னப் படங்கள் பிழைக்கும் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்ததில் 50 ரூபாய்க்கு மேலேயே போயிற்று. டிவிடியை மட்டும் வாங்கவில்லை. திட்டம் நீடிக்காமல் போனபோது, "தமிழனுக்கு ரசனை இல்லை" என்று அதே டீக்கடையில் வருத்தப்பட்டேன்.

என் சொந்தக் கோமாளித்தனம் ஒருபுறம் இருக்கட்டும். இழப்பு உண்மையானது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. 'வீடு' வந்தது 1988-இல். அதன் நெகட்டிவ் இல்லாமல் போனதை பாலு மகேந்திரா உயிரோடு இருக்கும்போதே சொல்லி வருந்தினார். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964-இலேயே தொடங்கியது என்றாலும், அங்கே போய்ச் சேராத படம் ஏராளம். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் போன்ற ஒருவர் ஸ்டில்லும் தகவலுமாகச் சேர்த்து, 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்று தொகுத்து எல்லோருக்கும் கொடுத்தார். இன்றும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதைப் புரட்டுகிறார்கள். நானும் சேர்த்தேன். என் அலமாரியைத் திறந்தால் பாதி டிஸ்க்குகளின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் கிழியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்று வைத்தது. ஓய்வு பெற்றாயிற்று. இப்போது பிளேயரின் தட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது, பழுதுபார்க்கிறவர் உதிரிபாகம் வருவதில்லை என்கிறார்.

சென்ற ஆண்டு சிற்பக் கல்லூரி மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எம்.ஆர். ராதா நடித்த பழைய படம் ஒன்றைச் சொல்லி, "அது உங்ககிட்ட இருக்காமே சார்? ரெண்டே நாள்ல திருப்பிக் குடுத்துடறேன்" என்றார். இருந்தது, பிரிக்காமல். அது எவ்வளவு அரிது, இனிமேல் அச்சாகவே ஆகாது, இரவல் கொடுத்து நான் இழந்தவை எவை எவை என்று ஒரு மணி நேரம் விளக்கி, மோர் கொடுத்து அனுப்பினேன். படத்தைக் கொடுக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்துக் கடைவீதியில் பார்த்தேன். "படம் பாத்துட்டேன் சார்" என்றார் மலர்ச்சியோடு. "யாரோ ஒருத்தர் தன்கிட்ட இருந்த டிஸ்க்ல இருந்து எடுத்து நெட்டுல போட்டு வெச்சிருக்கார். ராதா சார் நடிப்பு பிரமாதம் இல்ல சார்? அந்தக் கோர்ட்டு சீன்ல..."

கோர்ட்டு சீன் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். போட்டவருக்கு அதற்கு உரிமை உண்டா என்பது வேறு பஞ்சாயத்து. என்னைப்போல் ஒரு டிஸ்க்கை வைத்திருந்த யாரோ ஒருவர் உறையைக் கிழித்திருக்கிறார், பார்த்திருக்கிறார், பத்துப் பேருக்குக் கொடுத்திருக்கிறார். அதனால் அந்தப் படம் இத்தனை வருடம் கழித்தும் ஒரு இளைஞனைச் சிரிக்கவைத்திருக்கிறது. என் பிரதி பீரோவில் துருவோடு பத்திரமாக இருக்கிறது.

"ஆமாம், பிரமாதமான சீன்" என்று சொல்லிவைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த லிங்க்கைக் கொஞ்சம் அனுப்பு தம்பி" என்றேன். அங்கேயே நின்று அனுப்பினார். நிதானமாகப் பார்க்கலாம் என்று சேமித்து வைத்திருக்கிறேன்.