ராவிரவா விடுப்பு

என்ன தம்பி, கண் ரெண்டும் கோவைப்பழமாக் கிடக்கு? ராத்திரி முழுக்கப் படிச்சனியோ? இல்லையாம், நெட்ஃபிளிக்ஸில வீரப்பனாம். நாலு பாகமும் ஒரே இருப்பில. ஏன் ராசா எண்டு கேட்டா, குற்றவாளியின்ர உளவியலை ஆராயிறாராம் எங்கட துரை! நாங்கள் இதை விடுப்புப் பாக்கிறது எண்டுதான் சொன்னனாங்கள். மாசக் கட்டணமும் கட்டேல்ல.

புதுசெண்டு நினையாத. 1951இல கொழும்பில, கிரிக்கெட்காரர் சதாசிவத்தின்ர மனிசி கொலைப்பட்டா. புருசன்தான் எண்டு பிடிச்சு அடைச்சினம். வழக்கு 1953 மட்டும் இழுபட்டுது. எடின்பரோப் பேராசிரியர் சிட்னி ஸ்மித்தே வந்து சாட்சி சொன்னார். சதாசிவம் விடுதலை. பேப்பர் வாசிக்கத் தெரியாததுகளும் அந்த நாளில தீர்ப்புச் சொல்லிச்சுதுகளாம். எங்கட அப்பு அந்தக் கதையை ஒரு சொல்லுப் பிசகாமல் சொல்லுவார். தாயில்லாமல் போன நாலு பொம்பிளைப் பிள்ளையளும் பிறகு எப்பிடி வளந்ததுகள் எண்டு மட்டும் ஒருநாளும் சொன்னதில்ல.

நீயும் அப்பு மாதிரித்தான். வீரப்பன்ர மீசையைக் கீறச் சொன்னா டக்கெண்டு கீறுவாய். 1993இல அவன் வைச்ச பாலாற்றுக் கண்ணிவெடியில செத்த 22 பேரில ஒராளின்ர பேர் சொல்லு பாப்பம்? வாய் திறபடுதில்லையே! வீரப்பனைத் தேடுறம் எண்டு போன அதிரடிப்படை பிடிச்சு முறிச்ச சனத்தில 89 பேருக்கு, 2007இல மனித உரிமை ஆணைக்குழு நட்டஈடு குடுக்கச் சொன்னது. அந்தச் சனம் பட்ட பாடு வரேக்க நீ விரலால தள்ளி ஓட்டினனி. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.

உந்தப் படம் எடுக்கிறவையின்ர எடுப்பும் லேசுப்பட்டதில்ல. இருட்டறை, ஒரு கதிரை, ஒரு லைட். இருக்கிற மனிசி அழ வெளிக்கிட்டா கமரா கிட்டப் போகுது. செத்தவீட்டில நாங்கள் அந்த நேரம் தண்ணியெல்லோ எடுத்துக் குடுப்பம்? பிறகு மேல ட்ரோன், கீழ காடு, பின்னால வயலின். அழுத மனிசிக்கு அதில எத்தினை சதம் போச்சுதெண்டு கேட்டனியே?

கண்டுபிடிபடாத கேஸ்தான் ருசி எண்டு வேற சொல்லுறாய். அதுக்கேன் மோனை வீரப்பன்ர சத்தியமங்கலக் காடு மட்டும் போறாய்? புளியங்குளம் சந்தியில பஸ் ஏறு, வவுனியாவில இறங்கு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தோட தாய்மார் 2017 மாசியில ரோட்டோரம் குந்தினவை. ஒவ்வொருத்தரிட்டயும் ஒரு கேஸ் இருக்கு. பாகம் பாகமாச் சொல்லுவினம். வயலினை மட்டும் நீ கொண்டு போ.