கேஸ் எங்கே போகிறது?

கே: என் பழைய வேனுக்கு ஒவ்வொரு சித்திரையிலும் ஏ.சி. கேஸ் போடுகிறேன். ஆடி வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. நல்ல கேஸ் எங்கே கிடைக்கும்?
- வேன் உரிமையாளர், விருதுநகர்

ப: ஓட ஓடத் தீர்வதற்கு அது டீசல் இல்லை ஐயா. மூடிய பைப்புக்குள் சுற்றிச் சுற்றி வருவது. மூன்று மாதத்தில் காலி என்றால் ஓட்டை இருக்கிறது. வருஷா வருஷம் நீங்கள் வானத்துக்கு கேஸ் போட்டிருக்கிறீர்கள். வானமும் நன்றி சொல்லாது: ஏ.சி.யில் போடும் 134ஏ என்ற கேஸ் ஒரு கிலோ, ஆயிரம் கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயு செய்கிற சூட்டைச் செய்யும்.

கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரசர் ஆயிலும் கசியும், அதில் தூசி ஒட்டும். ஆகவே பிசுக்கைத் தேடச் சொல்லுங்கள். கல்லடி பட்ட கண்டன்சர், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல், பைப் மூட்டுகளில் இருக்கும் ஓ-ரிங், மூடி தொலைந்த வால்வு... வேனுக்கென்றே இன்னொன்று உண்டு. பின்சீட்டுக்காரர்களுக்குக் குளிர் கொண்டுபோக வண்டியின் அடியில் நீளமாக ஓடும் அலுமினியப் பைப். சேறும் உப்புக்காற்றும் அரிப்பது அதைத்தான், குனிந்து பார்க்க யாருக்கும் மனசு வராததும் அதைத்தான். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவினால் ஓட்டை தானாகக் குமிழ்விடும்.

கே: மெக்கானிக் கேஜ் மாட்டி, “பிரஷர் இருக்கு, கேஸ் ஃபுல்” என்கிறார். குளிரவே இல்லை. யார் பொய் சொல்வது?
- டூர் வேன் ஓட்டுநர், கும்பகோணம்

ப: கேஜ் பொய் சொல்லாது. இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தாரா? 30 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியில் 134ஏ சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தால் போதும், அளவு பாதியானாலும் முள் அங்கேயேதான் நிற்கும். அது சூட்டின் கணக்கு, எடையின் கணக்கு இல்லை. இருப்பதை எடுத்துவிட்டு, பானெட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராமைத் தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். “கூட இருந்தால் கூடக் குளிரும்” என்று ஏற்றினாலும் பிரஷர் எகிறிக் குளிர் குறையும்.

கே: ‘வாக்கம்’ போட அரை மணி நேரம் மெஷின் ஓட்டி, தனியாகக் காசு வாங்குகிறார். வெற்றிடத்துக்குமா விலை?
- வாசகி, திருப்பூர்

ப: கொடுங்கள் அம்மா, நியாயமான காசு. பைப்புக்குள் புகுந்த ஈரம் வெற்றிடத்தில் கொதித்து ஆவியாகி வெளியேறும். தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக அடைக்கும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்னும். மெஷினை நிறுத்தியபின் முள் ஏறுகிறதா என்று கொஞ்ச நேரம் பாருங்கள். ஏறினால் கேஸ் டப்பாவைத் திறக்கவே விடாதீர்கள்.

கே: என்னுடையது 90-களின் ஆரம்பத்து வேன். ஆர்-12 கேஸ் கிடைப்பதில்லை. சமையல் கேஸ் ஏற்றினால் ஜிலுஜிலுவென்று இருக்குமாமே?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

ப: குளிரும், உண்மை. எரியும், அதுவும் உண்மை. கூலிங் காயில் இருப்பது டாஷ்போர்டுக்குள், உங்கள் முழங்காலுக்கு முன்னால். ஓசோனைத் தின்றதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் ஆர்-12ஐ ஓரங்கட்டியது. 134ஏ-வுக்கு மாறலாம்; ஆனால் பழைய மினரல் ஆயில் அதோடு கலக்காது. ஆயில், ட்ரையர், ஓ-ரிங் எல்லாம் மாற்றி, பழைய அளவைவிடக் கொஞ்சம் குறைவாகப் போட வேண்டும். சமையல் கேஸ் யோசனை சொன்னவரின் வண்டியில் ஏறாதீர்கள்.

கே: ஓடும்போது குளிர்கிறது; சிக்னலில் நின்றால் அனல்.
- வாசகர், சென்னை

ப: கண்டன்சர் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். இதற்கும் கேஸ் போடச் சொன்னால் கடையை மாற்றுங்கள்.

கே: மார்கழியிலும் ஏ.சி. போட வேண்டுமா?
- வாசகி, ஊட்டி

ப: வாரம் ஒருமுறை பத்து நிமிடம் போதும். ஆயில் சுற்றி வந்தால்தான் ஷாஃப்ட் சீல் காயாது.