கராட் மாவுக்கு வந்த மவுசு

எண்பதுகளில் வங்கி வேலையாகக் கர்வால் மலைக்குப் போனேன். அப்போது அது உத்தரப்பிரதேசம்; உத்தராகண்ட் பிறந்தது 2000-இல்தான். நான் குடியிருந்த கிராமத்துக்குக் கீழே ஓர் அருவி. குற்றாலம் பார்த்த கண்ணுக்கு அதை அருவி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் ஊர் ரொட்டி தின்றது அதன் தயவில்.

அருவியின் தலையிலேயே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பி, குடைந்த மரத்தின் வழியே சரேலென்று இறக்கியிருந்தார்கள். அது படுக்கைவசத்தில் கிடக்கும் சக்கரத்தின் இறக்கைகளில் மோத, சக்கரத்தின் அச்சு அடிக்கல்லைத் துளைத்து மேலேறி மேல்கல்லைச் சுற்றும். பல்சக்கரம், பெல்ட் எதுவும் கிடையாது. சுற்றும் கல்லில் உரசும் குச்சி ஒன்று தானியக் கூடையை உலுக்கிக்கொண்டே இருக்கும். கல் வேகமானால் தானியமும் வேகமாக விழும். இதுதான் கராட்.

மணிக்கு 10 கிலோ அரைத்தாலே பெரிது. கூலி காசில்லை, மாவில் ஒரு பங்கு. காத்திருக்கும் நேரத்தில் ஊர் வம்பும் அரைபடும். எனக்குக் கோதுமை ரொட்டி போட்டுவிட்டு, வீட்டார் உள்ளே போய் மண்டுவா ரொட்டி தின்பார்கள். மண்டுவா என்பது நம் கேழ்வரகேதான். "நான் களி தின்று வளர்ந்தவன்" என்றால், மேனேஜர் சாப் கேலி பேசுகிறார் என்று சிரிப்பார்கள். பிறகு சாலையோரம் டீசல் மில் வந்தது. அவசரமே இல்லாத ஊர் அவசரமாக அங்கே ஓடியது.

அண்மையில் மறுபடி போனேன். அருவிக்குப் பெயர்ப்பலகை, செல்ஃபி எடுக்க மேடை. டேராடூனின் ஹெஸ்கோ போன்ற அமைப்புகள் மலையெங்கும் கராட்டுகளுக்கு உலோகச் சக்கரம், பேரிங் மாட்டி மறுவாழ்வு கொடுத்ததில், இந்த ஊர்க் கராட்டுக்கும் யோகம் அடித்திருந்தது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக்கியதும் மண்டுவாவுக்கும் மரியாதை வந்துவிட்டது. "சூடேறாமல் கல்லில் அரைத்தது" என்று பையில் அச்சடித்து, கோதுமை மாவு தலைகுனியும் விலைக்கு விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாய்க்காலை அடைத்துவிடுவார்களாம். படத்தில் அருவி மெலிந்து தெரியக் கூடாதே! அன்று கராட் சுற்றாது; முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய கராட்காரரின் மகன் மண்டுவா ரொட்டியில் நெய் வழியவிட்டு, பெருமையோடு எனக்குப் பரிமாறினார். "நீங்களும் உட்காருங்களேன்" என்றேன்.

"எங்களுக்கு இது கட்டுப்படியாகுமா, சாப்? உள்ளே ரேஷன் கோதுமை ரொட்டி இருக்கிறது."

"அதையாவது இந்தக் கல்லில் அரைக்கிறீர்களா?"

"இந்தக் கல்லுக்கு மண்டுவா ஆர்டரே குவிந்து கிடக்கிறது. நாங்கள் சாலையோர மில்லுக்குத்தான் போகிறோம்."