வீட்டுக்குள் ஒரு கேடி

என் அப்பா ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் எங்கள் வீட்டில் 'கேடி' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். பெயர், மச்சம், வழக்கமான தொழில் எல்லாவற்றையும் ஸ்டேஷன் பதிவேட்டில் எழுதி வைத்து, ராத்திரி ரோந்து போகிறபோது கதவைத் தட்டி, ஆள் உள்ளேதான் படுத்திருக்கிறானா என்று பார்த்துவிட்டு வருவார்களே, அந்த ஆசாமி. 'நோன் டெப்ரடேட்டர்' (Known Depredator) என்று வெள்ளைக்காரன் சூட்டிய நீளப் பெயரின் தலையெழுத்து இரண்டும் சேர்ந்து நம் வாயில் கேடியாகிவிட்டது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மகன் ஸ்பீக்கர் போனில், "சித்தப்பா, அந்தக் கேடியைக் கழட்டி வெளியில வச்சிட்டு ஆன் பண்ணிப் பாருங்க" என்றதும், பூஜையில் இருந்த அம்மா மணியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாருடா அது? போலீஸ்காரர் வீட்டுக்குள்ள கேடி எப்படிடா வந்தான்?"

வந்த கதையைச் சொல்கிறேன்.

என் மடிக்கணினி 2013-இல் வாங்கியது. பட்டனை அமுக்கிவிட்டு, பால் காய்ச்சி, காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண்ணைத் திறக்கும். இதைப் பார்க்கப் பொறுக்காத அண்ணன் மகன், ஊருக்கு வந்திருந்தபோது, உள்ளே இருந்த 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அதன்பிறகு நான் அடுப்படிப் பக்கம் திரும்புவதற்குள் திரை வந்துவிடுகிறது. காபி குடிக்கத்தான் நேரமில்லை.

ஆனால் கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது? பத்து வருடத்துப் புகைப்படம் அத்தனையும் அதில்தான் இருந்தது. "டிவிடி ட்ரைவைக் கழட்டிட்டு அந்த இடத்துல இதை வச்சிடலாம் சித்தப்பா. ஒரு சட்டம் மாதிரி விக்கும், கேடின்னு கேளுங்க" என்றான். இங்கிலீஷில் அதன் பெயர் காடியோ கேடியோ, கடைத்தெருவில் கேடிதான்.

"டிவிடியை எதுக்குப் பிடுங்கறீங்க? என்னிக்காவது ஒருநாள் வேணும்னா?" என்றாள் மனைவி.

"கடைசியா என்னிக்கு நாம டிவிடி போட்டோம், சொல்லு பார்க்கலாம்."

அவளால் சொல்ல முடியவில்லை. நான் ஜெயித்தேன். எங்கள் வீட்டில் நான் ஜெயித்ததே ஒரு துர்நிமித்தம் என்று அப்போது தோன்றவில்லை.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தத் தெருவில் மின்னணு சாமான்களுக்கு நடுவே மனிதர்கள் கொஞ்சம் பேர் நடமாடுவார்கள். கடைப் பையன், "ஒன்பதரையா சார், பன்னெண்டே முக்காலா?" என்றான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் சொன்னது மில்லிமீட்டர். 9.5 ஒரு தடிமன், 12.7 இன்னொரு தடிமன். டிவிடி ட்ரைவை அளந்து பார்த்துவிட்டு வரவேண்டுமாம். பள்ளிக்கூடச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாகவே எடுத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. "பெரிசாவே குடு தம்பி" என்றேன்.

மடிக்கணினி வளரவில்லை. மறுபடி மின்சார ரயில், மறுபடி ரிச்சி தெரு.

இரண்டாவது கேடி கச்சிதமாகப் பொருந்தியது. பட்டனை அமுக்கினேன். கம்பெனிச் சின்னம் வந்தது. அப்படியே நின்றது. எஃப் 2 அமுக்கினேன், எஃப் 12 அமுக்கினேன், பிறகு கோபத்தில் எல்லா எஃப்பையும் அமுக்கினேன். சின்னம் இமைக்கவில்லை. கேடியை உருவினால் ஐயா சாது. உடனே எழுந்து கைகட்டி நிற்கிறார். திரும்பச் செருகினால் மவுன விரதம்.

"ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமாடா?" என்றார் அம்மா. பழமொழி சொல்கிறவர்களோடு வாதாட முடியாது.

எதிர் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்தவர். அவருக்கு உலகத்தில் எந்தப் பழுதும் லோடு பிரச்சினைதான். "சார், ரெண்டு டிஸ்க்குக்கு உங்க சார்ஜர் தாங்கல. சிங்கிள் பேஸ்ல ரெண்டு ஏசி போட்டா என்ன ஆகும்?" என்றார். நான் நம்பிவிட்டேன், பெரிய சார்ஜர் விலைகூட விசாரித்தாயிற்று. அண்ணன் மகன்தான் கணக்குப் போட்டுக் காட்டினான். இந்தச் சிறிய வகை டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 5 வோல்ட்டில் சுமார் ஒரு ஆம்பியர் இழுக்கும். அதாவது 5 வாட். சுழன்றுகொண்டிருக்கும்போது அதில் பாதிகூட வேண்டாம். என் சார்ஜர் 65 வாட். 'ஜீரோ வாட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு நம் படுக்கையறைகளில் விடிய விடிய எரிந்த அந்தக் காலத்து பல்பே 15 வாட் தின்றது. எதிர் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

டிஸ்க்கே செத்துவிட்டதோ என்று அடுத்த சந்தேகம். யு.எஸ்.பி. பெட்டி ஒன்றை இரவல் வாங்கி அதில் போட்டுச் செருகினேன். மெல்லிய உறுமலோடு சுழன்றது. 5,400 ஆர்.பி.எம்., நொடிக்கு 90 சுற்று. புகைப்படங்கள் எல்லாம் பத்திரம். ஐ.பி.எம். 1956-இல் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது. எடை ஏறத்தாழ ஒரு டன். உள்ளே அடங்கியது 50 லட்சம் எழுத்து. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய அத்தான் தினமும் அனுப்பும் காலை வணக்க வீடியோ ஒன்றுக்கே அது போதாது. அப்பேர்ப்பட்ட சாமான் சட்டைப்பைக்குள் அடங்கி, எங்கள் திருப்பதி மொட்டை முதல் கிரகப்பிரவேசம் வரை சுமந்துகொண்டு கிடக்கிறது. அதை எப்படிக் கைவிடுவது?

ஆக, மடிக்கணினி நல்லவன். டிஸ்க் நல்லவன். இருவரையும் சேர்த்து வைக்கிற இடத்தில்தான் கோளாறு. பத்து நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா பாணியில் கேடி செக் நடத்தினேன். செருகு, அமுக்கு, சின்னத்தைப் பார், உருவு, படுத்துக்கொள்.

பதினோராம் நாள்தான் மேலே சொன்ன போன். "கழட்டிட்டீங்களா? நல்லாத் திருப்பிப் பாருங்க. ஓரத்துல அரிசி அளவுல ஒரு சுவிட்ச் இருக்கும்" என்றான். இருந்தது. பக்கத்தில் 1, 2, 3 என்று எறும்பெழுத்தில் பொறித்திருந்தது. அந்த இடத்தில் டிவிடி ட்ரைவ்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மடிக்கணினிகள் சில உண்டாம். வேறு ஆள் வந்து உட்கார்ந்தால் திகைத்துப்போய் நின்றுவிடும். அவற்றைச் சமாதானப்படுத்தத்தான் அந்தச் சுவிட்ச். எந்தக் கணினிக்கு எந்த எண் என்று கேடியோடு வந்த காகிதத்தில் ஒரு வார்த்தை கிடையாது. காகிதமே கிடையாது. பல்குச்சியால் 1-இலிருந்து 2-க்குத் தள்ளினேன்.

சின்னம் வந்தது, போனது! "ஓடுதுடா!" என்று கத்தினேன். ஓடவில்லை, நடந்தது. நான் போய்ப் பால் காய்ச்சி, காபி போட்டுக் குடித்து, டம்ளர் கழுவி வந்த பிறகுதான் திரை முழுதாக வந்தது. புத்தம்புது எஸ்.எஸ்.டி., பழைய டிஸ்க்கோடு ஒரே கூரையில் அரைமணி நேரம் இருந்ததற்கே இப்படிச் சோம்பேறியாகிவிட்டதே என்று நொந்துபோனேன். சேர்க்கை சரியில்லை என்று பெரியவர்கள் சொல்வது டிஸ்க்குக்கும் பொருந்தும்போல.

அம்மாதான் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம பாப்பா எல்.கே.ஜி. யூனிபாரத்துல!" என்றார்.

பாப்பா இப்போது பிளஸ் ஒன். அந்தப் படம் பழைய டிஸ்க்கின் முகப்புப் படம். அதாவது மடிக்கணினி புதியதை விட்டுவிட்டு, பழைய டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் 7-ஐ எழுப்பி உட்கார வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு கைகழுவிவிட்ட விண்டோஸ் 7.

அண்ணன் மகன் விளக்கினான். இந்த வயசுக் கணினி ஒரு டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் 55, ஏ.ஏ. என்ற குறி இருந்தால், நம்ம ஆள்தான் என்று சாவியைக் கொடுத்துவிடும். நெற்றியில் பட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஆளை உள்ளே விடுகிற மாதிரிதான். வரிசையில் முதலில் நிற்கிறவன் நெற்றியில் குறி இருந்துவிட்டால், அடுத்தவனை ஏறெடுத்தும் பார்க்காது. பயாஸ் பட்டியலில் முதலில் நின்றது கேடி.

எஃப் 2 இப்போது வேலை செய்தது. பழையதைக் கீழே இறக்கி எஸ்.எஸ்.டி.யை மேலே ஏற்றி, எஃப் 10 அமுக்கிச் சேமித்தேன். மொத்தம் நான்கு நிமிடம். ரிச்சி தெருவுக்கு இரண்டு பயணம், ஒரு அண்டை வீட்டு நட்பு, பத்து ராத்திரி எல்லாம் இந்த நான்கு நிமிடத்துக்குத்தான்.

இப்போது இரண்டும் ஒரே உறைக்குள் ஒற்றுமையாக இருக்கின்றன. மடிக்கணினி சட்டென்று எழுகிறது, புகைப்படங்கள் 'டி' ட்ரைவில் இருக்கின்றன, கழற்றிய டிவிடி ட்ரைவ் பரணில் எங்கேயோ கிடக்கிறது. அம்மா மட்டும் படுக்கப் போகுமுன், "உள்ள இருக்கானாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்.

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து கூரியர் வந்தது. மாமா பெண்ணின் கல்யாண வீடியோ, மூன்று டிவிடி. மனைவி உறையைப் பிரித்து மூன்றையும் என் மடிக்கணினி மேல் அடுக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். உங்களில் யாரிடமாவது டிவிடி ட்ரைவோடு மடிக்கணினி இருந்தால், தயவுசெய்து ஒரு ராத்திரிக்கு இரவல் கொடுங்கள்.