கேள்வி – பதில்: பள்ளத்தில் விழுந்தால் வாய்மூடும் ரேடியோ

கேள்வி: எங்கள் பழைய வான் வண்டியில் ரேடியோ பாடிக்கொண்டே வரும், திடீரென்று நின்றுவிடும், பிறகு தானாக வரும். செட்டையே மாற்று என்கிறார்கள். மாற்றவா, அண்ணை? (கிளிவெட்டி)

வேண்டாம், தம்பி! முதலில், நிற்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள். வெளிச்சம் இருக்கிறது, பாட்டுத்தான் இல்லை என்றால் ஸ்பீக்கர் வயர். கதவு மடங்கும் இடத்தில் தோலுரிந்து வண்டியின் இரும்பு உடம்பில் பட்டிருக்கும்; பல செட்டுகள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள உடனே வாயை மூடிவிடும். வெறும் இரைச்சல் வந்தால் ஏரியல் பிளக்கை அழுத்திப் பாருங்கள்.

வெளிச்சமும் போகிறதா? ஆகா, இது என் கட்சி! ஏர்த்! எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது. கொட்டியாரக்குடாவின் உப்புக்காற்றுப் படும் ஊர்களில் செட்டிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் கறுப்பு ஏர்த் வயரின் ஆணி துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். பற்றறியின் மைனஸிலிருந்து தனி வயர் ஒன்றைச் செட்டின் இரும்பு உடம்புக்கு நேரே கொடுத்து, மேடுபள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள். தடங்கல் போனால் கள்ளன் பிடிபட்டான். பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் புது ஆணி முறுக்குங்கள்.

தடங்கல் போகவில்லையா? பிடித்துவைத்த ஸ்டேஷன்களைச் செட் ஒவ்வொரு முறையும் மறந்தால், பற்றறியிலிருந்து நேரே வரும் வயரையும் அதன் பியூஸையும் பாருங்கள். பல செட்டுகளில் அது மஞ்சள். மறக்காவிட்டால் சாவி வழியாக வரும் சிவப்பு. முறுக்கி டேப் சுற்றிய மூட்டு எங்கே கண்ணில் பட்டாலும் அவிழ்த்து ஈயம் வையுங்கள். அந்த டேப்பை நான் என்றைக்கும் மன்னிக்கமாட்டேன்.

கேள்வி: ஒரு தட்டுத் தட்டினால் வருகிறதே? (மூதூர்)

உள்ளே ஈயம் விட்டிருக்கிறது. கையை எடுத்துவிட்டு ரேடியோ திருத்தும் பாஸிடம் கொடுங்கள்.

கேள்வி: ஒரே வளைவில் மட்டும் எஃப்எம் மங்குகிறது. (வெருகல்)

அதே இடத்தில் இன்னொரு வாகனத்திலும் மங்கினால் குற்றம் மலையில், செட்டில் இல்லை.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த காரில் பாதி ஸ்டேஷன்கள் இல்லையே? (கிண்ணியா)

ஜப்பான் செட் பிறந்த ஊரில் எஃப்எம் நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது; இப்போதும் 95 வரைதான். நமக்கோ 108 வரை. அதற்காக ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவில் சின்னப் பெட்டி ஒன்று பூட்டுவார்கள். அதற்கும் கரண்ட் வேண்டும், ஏர்த் வேண்டும். ஆகவே ரேடியோ விட்டுவிட்டு வந்தால் அந்தப் பெட்டியையும் சந்தேகியுங்கள்.

கேள்வி: ரேடியோ நின்ற நேரம் நானே பாடலாமா? (தோப்பூர்)

தாராளமாக, கண்ணாடியை ஏற்றிவிட்டு.

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனரில் அவர் பூட்டிய வால்வு ரேடியோ விக்கி விக்கிப் பாடுகிறது. கழற்ற மனம் வரவில்லை. (திருகோணமலை)

கழற்றாதீர்கள், அம்மா. இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலை உங்கள் அப்பா அதில்தான் கேட்டிருப்பார். அந்த ரகச் செட்டுகளில் வைப்ரேட்டர் என்றொன்று உண்டு: பற்றறியின் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும், அதை ட்ரான்ஸ்ஃபோமர் நூற்றுக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும். அதன் முனைகள் தேய்ந்து கருகினால் இப்படித்தான் விக்கும். அந்த வோல்ட் ஆளைக் கொல்லக்கூடியது. மூடியை நீங்கள் திறக்கவே கூடாது. வால்வு தெரிந்த பழைய பாஸ் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். இன்னொன்று: 1960கள் வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பற்றறியின் பிளஸ்தான் ஏர்த். யாராவது பழக்கதோஷத்தில் பற்றறியை மாற்றிப் பூட்ட வந்தால், முதலில் இதைச் சொல்லி நிறுத்துங்கள்.