வரி பார்ப்பவரின் வருமானம்

(மதுரை, கீழமாசி வீதி. பலசரக்குக் கடை மாடியில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகம். மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி கணக்குக்குக் கடைசி நாள். மிளகாய் வத்தல் நெடி மாடிவரை ஏறுகிறது. உள்ளே முதலாளி சொக்கலிங்கம். எதிரே அவருடைய அக்கா மகன் கார்த்திக்; சென்னை ஓ.எம்.ஆரில் உட்கார்ந்து அமெரிக்கர்களுக்கு வரிக்கணக்கு போடுகிறவன்.)

சொக்கலிங்கம்: வா மாப்ள. பன்னெண்டு லட்சமாமே! அக்கா தெரு பூரா சொல்லிருச்சு. அப்படி என்னடா வேலை?

கார்த்திக்: ஒஹையோவுல ஒரு பல் டாக்டர் மாமா. அவரு கிளினிக் நாற்காலிக்குத் தேய்மானம் போட்டு, 1040 படிவத்தை ஏப்ரல் 15-க்குள்ள முடிக்கணும். அங்க கணக்கியல் படிப்புக்கு ஆள் வர்றது குறைஞ்சுபோச்சு. அதான் வேலை இங்க வருது.

சொக்கலிங்கம்: நானும் கீழ இருக்குற அண்ணாச்சியோட மாவு மெஷினுக்குத் தேய்மானம் போடுறேன். மாசம் ஐநூறு. அதையும் "பட்டனைத் தட்டுறதுக்கு இம்புட்டா"ன்னு கேட்டுத்தான் குடுக்குறாரு. தாக்கல் ஒரு நாள் தள்ளுனா தாமதக் கட்டணம் 50 ரூபா. பத்து நாள் போச்சுன்னா என் மாச வருமானம் அவருக்கு அபராதம்.

கார்த்திக்: ஃபீஸை ஏத்துங்க மாமா.

சொக்கலிங்கம்: 2007-ல வாட் வந்துச்சு, ஏத்தலாம்னு நெனச்சேன். 2017-ல ஜிஎஸ்டி வந்துச்சு, கட்டாயம் ஏத்தணும்னு நெனச்சேன். இப்ப 2026 ஏப்ரல்லருந்து புது வருமான வரிச் சட்டம். இருபது வருஷமா மந்திரம் மாதிரி சொன்ன எண்பது-சி பிரிவு, நூத்தி இருபத்தி மூணு ஆயிருச்சு. சட்டம் மாறுது, பிரிவு மாறுது, ஐநூறு மட்டும் மாறலை. போதாக்குறைக்கு, 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு டிவியில சொல்லிட்டாங்க. "அப்ப உமக்கு எதுக்குய்யா ஃபீஸ்?"னு கேக்குறாங்க. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டுனாலே கணக்கு தாக்கல் பண்ணியாகணும்னா எவன் நம்புறான்?

(கார்த்திக் பெருமையோடு வேலை உத்தரவை நீட்டுகிறான். சொக்கலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறார். கணக்கைக் கண்டால் அவருக்கு வயது குறைந்துவிடும்.)

சொக்கலிங்கம்: 12 லட்சம். இதுல ஒன்றரை லட்சம் "வேரியபிள்". வந்தா வரும். கம்பெனி போடுற பி.எஃப். 72,000, அதுவும் உன் சம்பளமாம். கிராஜுவிட்டி 28,860. அஞ்சு வருஷம் இருந்தாத்தானே அது?

கார்த்திக்: எவன் மாமா அஞ்சு வருஷம் இருக்கான்!

சொக்கலிங்கம்: உன் பங்கு பி.எஃப். இன்னொரு 72,000. எல்லாம் போக மாசம் கைக்கு 73,095. வரி... பூஜ்யம். அட, வரி கட்டவே வேண்டியதில்லாத வரி நிபுணன்டா நீ!

கார்த்திக்: வேரியபிள் முழுசா வந்தா?

சொக்கலிங்கம்: வந்தாலும் பூஜ்யம்தான். நம்ம தொழில்ல யாரு எம்புட்டு படிச்சான்னு சம்பளம் இல்ல மாப்ள. யாருக்குக் கணக்கு போடுறான்னுதான். நாற்காலி ஒஹையோவுல இருந்தா லட்சம், மாவு மெஷின் கீழமாசி வீதியில இருந்தா ஐநூறு.

கார்த்திக்: சரிதான் மாமா. அந்த ஓரத்துல உக்காந்து காலையிலருந்து ஜிஎஸ்டி த்ரீ-பி போட்டுட்டு இருக்காங்களே, அவங்களுக்கு எவ்வளவு?

சொக்கலிங்கம்: (குரலைத் தணித்து) செல்வியா? ஒம்பதாயிரம். பி.காம். முடிச்ச புள்ள. தொழில் கத்துக்குறா இல்ல? அனுபவத்துக்கு விலை போட முடியுமா?

கார்த்திக்: எத்தனை வருஷமா கத்துக்குறாங்க?

சொக்கலிங்கம்: ஆறு.

(செல்வி எழுந்து வந்து ஒரு கவரை மேசைமேல் வைக்கிறாள்.)

செல்வி: சார், அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிலருந்து நான் வரமாட்டேன். சென்னையில அமெரிக்க வரி வேலை கெடச்சிருக்கு. இவரு கம்பெனிதான்.

(கார்த்திக் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்க்கிறான்.)

சொக்கலிங்கம்: போம்மா, நல்லாரு. போறதுக்குள்ள பேப்பர்ல ஒரு விளம்பரம் குடுத்துரு. எழுதிக்க: "ஆள் தேவை. பி.காம். முடித்தவர். டேலி, ஜிஎஸ்டி, புதிய வருமான வரிச் சட்டம் நன்கு தெரிந்திருக்க வேண்டும். அனுபவம் ஆறு ஆண்டு. சம்பளம் தகுதிக்கேற்ப."

கார்த்திக்: தகுதிக்கேற்பன்னா எவ்வளவு மாமா?

சொக்கலிங்கம்: ஒம்பதாயிரம்.