பாஸ் வருவார், குரங்கும் வரும்

அரச சேவையில் ஓய்வு வயதை 65 ஆக்கினார்கள். அதற்கேற்ப மனதைத் தேற்றி முடிப்பதற்குள் 60 என்று இறக்கினார்கள். 2022 டிசம்பர் 31ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனோம். ஆசிரியர்களான நானும் மனைவியும் அதில் அடக்கம். அன்றிலிருந்து மாத்தளையில் எங்களைக் காண்பவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "இப்ப சும்மாதானே இருக்கிறீங்க?"

சும்மா இருந்த ஒரு வாரத்தின் கதையைக் கேளுங்கள்.

2025 மார்ச் 10, திங்கள். பத்தாம் திகதி ஓய்வூதிய நாள். ஏ.டி.எம். அட்டை இருந்தாலும், வங்கிக்குள் போய்ப் புத்தகத்தில் பதிந்தால்தான் மனைவிக்கு அது பணம். வரிசையில் பாதிப் பேர் எங்களோடு படிப்பித்தவர்கள். ஆகவே அங்கே ஓர் ஆசிரியர் கூட்டமே நடக்கும். பழக்கதோஷம், தீர்மானம் எதுவும் எடுப்பதில்லை.

செவ்வாய் கிளினிக். எனக்கு பிரஷர், அவளுக்குச் சீனி. இரண்டுக்கும் ஒரே நாளில் திகதி வாங்கியது, பாடசாலை நேரசூசி போட்ட அவளுடைய திறமை. மருந்துக்கு ஒரு சதமும் வாங்குவதில்லை என்பதால் குறை சொல்ல மாட்டேன். விடிய முன் போய் நம்பர் எடுத்து, மத்தியானம் டொக்டருக்கு முன் உட்காரும்போது, காத்திருந்த களைப்பிலேயே பிரஷர் ஏறியிருக்கும். அதற்கு அவர் குளிசையைக் கூட்டுவார்.

இதெல்லாம் சில்லறைச் சங்கதி. பெரிய சங்கதி கூரை.

குரங்குக் கூட்டம் எங்கள் பலா மரத்திலிருந்து அஸ்பெஸ்டஸ் சீட்டுக்குப் பாயும். அங்கிருந்து அடுத்த வீட்டு மாமரத்துக்குப் பாயும். குட்டிகளுக்குப் பயிற்சியும் அங்கேதான். சீட் வெடித்துவிட்டதால் பின்னேர மழைக்குச் சமையலறையில் வாளி வைத்திருந்தோம். கல் எறியலாம்தான். ஆனால் குரங்கு விலகிக்கொள்ளும், சீட் விலகாது.

கூரையைத் திருத்த பாஸ் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. போன் எடுத்தால், "நாளைக்குக் காலையிலயே வந்துருவேன் சேர்" என்றார். செவ்வாயன்றும் அதே பதில், அதே அன்பு. புதன் மாசி மகம். முத்துமாரியம்மன் ஐந்து தேர்களோடு வீதிக்கு வரும்போது கண்டி–யாழ்ப்பாண வீதியே நின்றுவிடும். ஏணியைத் தூக்கிக்கொண்டு மனிதன் எப்படி வருவான்? நாங்களும் தேருக்குத்தான் போனோம். கூட்டத்தில் பாஸ் வடம் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு கையை விடுவித்து, 'நாளைக்கு' என்று சைகை காட்டினார். மறுநாள் போயா. அம்மன் சந்நிதியில் கொடுத்த வாக்கும் அரச விடுமுறையில் அடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தேவிட்டார். கூரையை அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டினார்.

"இத யாரு சேர் போட்டது?"

முந்தைய பாஸை மெச்சிய பாஸ் உலகத்தில் கிடையாது. ஆனால் இந்தக் கூரையைப் போட்டவர் அவரேதான். மனைவி அதை ஞாபகப்படுத்தினாள்.

"அப்ப சாமான் சரியில்ல மிஸ்."

அதன்பிறகு சீட், ஆணி, வொஷர் என்று ஒவ்வொன்றாக அவருக்கு நினைவுக்கு வர, ஒவ்வொன்றுக்கும் நான் ஹாட்வெயாருக்கு ஓடினேன். த்ரீவீல்காரர் அன்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். மிச்ச வேலை சனிக்கிழமைக்கு.

அந்தச் சனிக்கிழமையை அரசாங்கமும் குறித்து வைத்திருந்தது. அதற்கு முந்திய மாதம் 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால்தான் நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சர் சொல்லியிருந்தார். இப்போது குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றுக்கும் நாடளாவிய கணக்கெடுப்பு. மார்ச் 15, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை அவரவர் தோட்டத்தில் நிற்பதை எண்ணிப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

மனைவி பரீட்சை மேற்பார்வையாளர் தோரணையில், கையில் படிவம், கண்ணில் மணிக்கூடு என முற்றத்தில் நின்றாள். தினமும் ஏழு மணிக்கே ஆஜராகும் கூட்டத்தைக் காணவில்லை. கூரைமேல் பாஸ் மட்டும் குந்தியிருந்தார்.

"என்னங்க, பாஸ எழுதவா?"

8.05 ஆனது. பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பாஸ் தேநீருக்கு இறங்கிய சற்று நேரத்தில் குரங்குகள் குடும்பத்தோடு வந்து, புதுச் சீட்டில் வரிசையாக உட்கார்ந்தன. பாஸ் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அத நாளைக்குப் பார்ப்போம் சேர்."

அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை குரங்கு எண்ணும்போது ஐந்து நிமிடக் கணக்கு வேண்டாம். முழு நாளையும் ஓய்வூதியர்களிடம் ஒப்படையுங்கள். நாங்கள்தான் சும்மா இருக்கிறோமே.